அம்மா பெயரில் வரும் பத்து நாள் பில்

விவசாயக் குடும்பம் என்றால் அறுவடைக்கு அறுவடைதான் வீட்டில் காசு புரளும் என்று பலரும் நினைப்பதுண்டு. நான் வளர்ந்த வீட்டில் அப்படி இல்லை. எங்களுக்குக் காசு பத்து நாளைக்கு ஒருமுறை வந்தது. அது பால் சொசைட்டி பில்.

மளிகைக் கடை பாக்கி, பள்ளிக்கூட ஃபீஸ், கேஸ் சிலிண்டர், கல்யாண மொய், காய்ச்சலுக்கு ஊசி எல்லாமே அந்தப் பில்லில்தான் ஓடின. தோட்டத்துக் கடலையோ சோளமோ விற்ற பணம் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும். வந்த வேகத்திலேயே உரக்கடைக்கும் கூட்டுறவு வங்கிக்கும் போய்விடும். அந்தப் பணத்தைக் கையில் எண்ணிப் பார்க்கும் சந்தோஷம் மட்டும்தான் அப்பாவுக்கு.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம், சின்ன ஊர். வருடத்துக்கு 600, 650 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருடம் என்போம். கிணற்றுப் பாசனம் இரண்டு ஏக்கர். மீதி ஆறு ஏக்கர் கொரங்காடு.

கொரங்காடு என்றால் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மேய்ச்சலுக்கென்றே வைத்திருக்கும் மானாவாரி நிலம் அது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். நல்ல மழை பெய்தால் புல் முழங்கால் வரை நிற்கும். பங்குனி, சித்திரையில் புல் காய்ந்த பிறகு வேலங்காய் உதிரும். ஆடுகள் மரத்தடியில் நின்று அதைப் பொறுக்கித் தின்னும். உழவில்லை, உரமில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். மற்ற வருடங்களில் புல்தான் வெள்ளாமை.

காங்கேயம் காளை என்று ஜல்லிக்கட்டு நேரத்தில் கேள்விப்படுகிறீர்களே, அந்த மாடு இந்தக் காடுகளில் வளர்ந்ததுதான். பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பேணி வளர்த்ததைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள்.

அப்பா நான்கு வருடங்களுக்கு முன் தவறிவிட்டார். அம்மாவுக்கு இப்போது 66 வயது. வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகள், பட்டியில் 15 செம்மறித் தாயாடுகள், ஒரு கிடாய். தம்பி திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறான். நானும் திருப்பூரில்தான் இருக்கிறேன், ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை.

சென்ற வருடம் ஒரு சோலார் கம்பெனிக்காக இடம் பார்க்கும் ஏஜென்ட் ஊருக்கு வந்தார். எங்கள் பக்கம் காற்றாலைகள் எப்போதோ வந்துவிட்டன, இப்போது சோலார். கொரங்காட்டைப் பார்த்துவிட்டு, ஏக்கருக்கு வருடம் 30,000 ரூபாய் குத்தகை, 25 வருடத்துக்கு அக்ரிமென்ட் என்றார். ஆறு ஏக்கருக்கு வருடம் 1,80,000.

தம்பிக்கு அது பெரிய தொகை. மெஷின் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டுகிறான். ஆர்டர் குறைந்த மாதங்களில் அவன் படும் பாடு எனக்குத் தெரியும். "அம்மாவுக்கும் வயசாயிருச்சு. மாடு கன்னையெல்லாம் வித்துட்டு எங்கூட வந்து இருக்கட்டும். கிணத்துத் தோட்டத்தை யாருக்காச்சும் குத்தகைக்கு விட்டுக்கலாம்" என்றான். பிறகு என்னிடம், "நீதான் கணக்குப் பாக்கறவளாச்சே அக்கா. மாட்டுலயும் ஆட்டுலயும் நிஜமா என்ன நிக்குதுன்னு போட்டுக் குடு" என்றான்.

போட்டேன்.

நோட்டில் வந்த கணக்கு

அம்மாவிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. சொசைட்டி பில், தீவன மூட்டை, ஊசி செலவு எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துத்தான் ஒரு வருடக் கணக்கை எடுத்தேன்.

இரண்டு மாட்டில் ஒன்று நன்றாகக் கறக்கும்போது மற்றொன்று வற்றும் நேரமாக இருக்கும். அதனால் வருடம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் சொசைட்டிக்கு ஊற்றியது நாளுக்கு 12 லிட்டர். பாலின் கொழுப்பு, எஸ்.என்.எஃப். பார்த்து லிட்டருக்கு ஏறக்குறைய 36 ரூபாய் விழுந்தது. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32-லிருந்து 35 ரூபாயாக உயர்த்தினார்கள். 2023 டிசம்பரிலிருந்து லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. பால் கொஞ்சம் தண்ணியாக இருந்தால் அதற்கேற்ப விலை குறையும்.

பாலில் வந்தது வருடத்துக்குச் சுமார் 1,58,000. தீவனம், தவிடு, புண்ணாக்கு 77,000. வாங்கிய வைக்கோல், சோளத்தட்டு 20,000. டாக்டர், சினை ஊசி, தாது உப்பு 7,000. போக நின்றது 54,000.

ஆட்டில் 13 குட்டிகள் விற்றன. சராசரி 6,000 வீதம் 78,000. குடற்புழு மருந்து, தடுப்பூசி, கோடையில் கொஞ்சம் மேவு என்று 9,000 போக 69,000 நின்றது. மூன்று டிராக்டர் எரு விற்றதில் 9,000.

மொத்தம் 1,32,000. சோலார் குத்தகையைவிட 48,000 குறைவு.

அம்மாவின் வேலை நேரத்தையும் எண்ணினேன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து சாணி வழித்து, கறந்து, சொசைட்டிக்குப் போய்த் திரும்பி, தட்டு வெட்டிப் போட்டு, மறுபடி மத்தியானம் மூன்று மணிக்கு அதே சுற்று. மாட்டுக்கு மட்டும் நாளுக்கு ஐந்து மணி நேரம். மாட்டில் நின்ற 54,000-ஐ அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு 30 ரூபாய் வருகிறது. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு 42.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் வாசித்தேன். தம்பியும் அவன் மனைவியும் இருந்தார்கள். அம்மா முழுக்கக் கேட்டார். கூட்டல் கழித்தல் எதையும் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் குத்தகைக் காசு யாரு கணக்குல வரும் சாமி?"

"எங் கணக்குலதானுங்கம்மா வரும். பட்டா எம் பேர்லதான இருக்குது. உங்களுக்கு மாசம் பத்தாயிரம் கரெக்டா போட்டுடறனுங்க" என்றான் தம்பி. அவன் சொன்னால் செய்வான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் முந்தானையை மடித்துக்கொண்டிருந்தார். "குடுப்பே கண்ணு. நீ குடுக்காம போவயா? ஆனா கேட்டு வாங்கற காசு வேற, தானா வர்ற காசு வேற" என்றார்.

காளை போய்க் கறவை வந்தது

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது.

என் அப்பாரு காலத்தில் கட்டுத்தரையில் இருந்தது காங்கேயம் காளைகள். ஏர் ஓட்டவும், கவலை பூட்டித் தண்ணீர் இறைக்கவும், வண்டி இழுக்கவும் காளைதான். மாட்டுச் சந்தைக்கு ஆண்கள்தான் போவார்கள். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்ச் சந்தைக்கோ, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கோ போய், துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வீட்டுக்கு வந்த காளைக்குத் தண்ணி காட்டுவதும் சாணி வழிப்பதும் ஆத்தாவின் வேலை. காளை மட்டும் அப்பாருவுடையது. "அவரு மாடு" என்றுதான் ஊரே சொல்லும். காங்கேயம் பசு நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். கன்று குடித்தது போக மீதி வீட்டுக்கு மோருக்கும் நெய்க்கும் சரியாகிவிடும்.

பிறகு கிணற்றுக்கு மோட்டார் வந்தது, கவலை நின்றது. டிராக்டர் வந்தது, ஏர் நின்றது. காளைக்கு வேலை இல்லாமல் போனது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சி, கிராமத்துக்குக் கிராமம் பால் சொசைட்டியையும் சினை ஊசியையும் கலப்பின மாட்டையும் கொண்டு வந்தது. கட்டுத்தரையில் காளை நின்ற இடத்தில் ஜெர்சி வந்து நின்றது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-ல் எடுத்த இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க மாடுகள் சுமார் 19 கோடியே 25 லட்சம். முந்தைய கணக்கெடுப்பைவிட ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. ஆனால் அதில் பசு இனம் மட்டும் 18 சதவீதம் கூடி 14 கோடியே 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அப்படியானால் எவ்வளவு காளைகள் குறைந்திருக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா முதல் கறவை மாடு வாங்கியது நான் ஐந்தாவது படிக்கும்போது. பால் ஊற்றுகிறவர்தான் சொசைட்டியில் உறுப்பினராக வேண்டும் என்றார்கள். அப்பா, "நாம்போயி தினம் க்யூவுல நிக்கறதா? உம் பேர்லயே போட்டுக்க" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒரு தொல்லை தீர்ந்த மாதிரி. அம்மாவுக்கோ வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பெயர் போட்ட ஓர் அட்டை. பிறகு பணத்தைக் கணக்கில் போடுவோம் என்று சொசைட்டியில் சொன்னபோது தன் பெயரில் ஒரு பாஸ்புக்.

நிலத்தில் அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. எனக்கும் கிடையாது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று சட்டம் கொண்டுவந்தாயிற்று. ஆனால் எங்கள் பக்கம் பல வீடுகளில், மகளுக்குக் கல்யாணத்தில் நகை போட்டாயிற்று என்றால் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அப்பா இருக்கும்போதே தம்பி பெயருக்கு எழுதிவிட்டார். அதற்காக நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை, இப்போதும் போகப்போவதில்லை. நிலம் யார் பெயரில் என்பதும், மாடு யார் பெயரில் என்பதும் இரண்டு வேறு விஷயம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அவசரத்துக்கு ஆடு

மாட்டுப் பால் அன்றாடச் செலவுக்கு. ஆடு அவசரத்துக்கு.

அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சு வலி வந்தபோது இரவு பதினோரு மணி. தாராபுரத்தில் சேர்த்து, அங்கிருந்து கோயம்புத்தூர் கொண்டு போகச் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு அம்மா ஆட்டு வியாபாரிக்குப் போன் போட்டார். எட்டரைக்கு டெம்போ பட்டி வாசலில் நின்றது. ஐந்து உருப்படி, 28,000 ரூபாய், ரொக்கம். பத்திரமும் இல்லை, ஜாமீன் கையெழுத்தும் இல்லை. அந்த நேரத்தில் நிலத்தை வைத்துக் கடன் கேட்டிருந்தால் வில்லங்கச் சான்று எடுக்கவே பல நாள் ஆகியிருக்கும்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. எங்கள் கிணறு வறண்டு, தென்னை நாலைந்து மொட்டையானது. கொரங்காட்டில் புல் இல்லை, வேலங்காய் மட்டும்தான். அம்மா பாதி ஆட்டை விற்றார். விலை படுமட்டம், ஏனென்றால் எல்லோரும் விற்றார்கள். ஆனாலும் மீதி ஆடுகள் பிழைத்தன. அடுத்த மழையில் புல் முளைத்தது, இரண்டு வருடத்தில் பட்டி பழைய கணக்குக்கு வந்துவிட்டது. தென்னை அப்படி வராது.

நிலம் இல்லாத வீட்டுக்கு ஆடு இன்னும் பெரிய விஷயம். எங்கள் தெருக் கோடியில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இல்லை, நிலம் இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் அவருக்கு நான்கு ஆடுகள் கிடைத்தன. கூலிக்குப் போகும்போது ஓட்டிக்கொண்டு போய் வரப்போரம் கட்டி மேய்ப்பார். அதோடு மற்றவர் ஆடுகளையும் வாரத்துக்கு வாங்கி வளர்த்தார். வாரம் என்றால், ஆடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி. அவர் மகன் பாலிடெக்னிக் முடித்தது அந்தக் குட்டிகளில்தான். "பேங்குல போய் நின்னா என்னை யாருங்க உள்ள விடுவாங்க? எனக்குப் பட்டிதான் பேங்கு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கட்டுத்தரையின் மறுபக்கம்

இவ்வளவு சொன்னதால் மாடு வளர்ப்பு ஏதோ சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களில் பசு அழகாக நிற்கும், கன்று துள்ளும். சாணி வாளியைத் தூக்கும் முதுகை யாரும் காட்டுவதில்லை.

எங்கள் அம்மாவுக்கு முப்பது வருடங்களில் ஒருநாள்கூட லீவு கிடையாது. என் பிரசவத்துக்கு வந்து மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார். மாடு பக்கத்து வீட்டு ஆள் கைக்குப் பால் விடவில்லை. மாமா பையன் கல்யாணத்துக்குப் பழனி போனவர், தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினார். கறந்து கறந்து இரண்டு கட்டை விரல்களும் மடங்குவதில்லை.

2013-ல் மாநிலம் முழுக்கக் கோமாரி பரவியபோது எட்டு மாதச் சினை மாடு ஒன்று போனது. அன்றைக்கு அம்மா சோறு சாப்பிடவில்லை. 2022-ல் தோல் கட்டி நோய் பரவியபோது மாட்டின் உடம்பெல்லாம் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு பதினைந்து நாள் அதன் பக்கத்திலேயே படுத்திருந்தார். இப்போது புதுத் தொல்லை, தெருநாய். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு வந்து போராடியதும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அம்மா இரண்டு முறை ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

அதனால் தம்பி, "போதும்மா, வாங்க" என்று சொன்னதில் பாசம் இருந்தது, நியாயமும் இருந்தது. மகனுக்கு அம்மாவின் முதுகு தெரிகிறது. அம்மாவுக்கு அந்தப் பாஸ்புக் தெரிகிறது. இரண்டுமே உண்மைதான், அதுதான் சிக்கல்.

முடிவு எடுத்தது எப்படி

அன்று திண்ணையில் நாங்கள் மூவரும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தோம். அதுவரை வாயே திறக்காமல் இருந்தவள் தம்பி மனைவி. அவளும் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் வேலைக்குப் போகிறாள்.

அவனைப் பார்த்துச் சொன்னாள்: "எஞ்சம்பளம் எங் கணக்குல வருதுங்க. நாளைக்கே வேலைய விட்டுட்டு மாசம் அதே காசை உங்ககிட்ட வாங்கிக்கன்னு சொன்னா, எனக்கும் ஒரு மாதிரியாத்தானுங்க இருக்கும். அத்தைக்கு இருக்காதா?"

மாமியாருக்காக மருமகள் பேசியதில் அம்மாவுக்கே ஆச்சரியம். உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அன்றைக்கே எல்லாம் முடியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கடைசியில் வந்த ஏற்பாடு இது.

கொரங்காட்டை இன்னும் மூன்று வருடத்துக்கு யாருக்கும் விடுவதில்லை. 25 வருட அக்ரிமென்ட் என்பது அம்மாவின் காலத்துக்கு நிரந்தரம் மாதிரிதான். வெள்வேல மரத்தை வெட்டி வேலியைப் பிடுங்கிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறை ஆகும். மூன்று வருடம் கழித்து அம்மாவின் உடம்பைப் பார்த்து மறுபடி பேசிக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாக, ஆட்டில் வருவதில் வருடம் 40,000-ஐ அம்மா தம்பியின் கடன் தவணைக்குத் தருகிறார். ஆடியில் பாதி, தையில் பாதி. இதை அம்மாவே சொன்னார். "அவன் காட்டுல எம் பண்டம் மேயுது. பாடு அவனுக்கும் இருக்குதல்ல" என்றார். நோட்டில் 'தம்பிக்கு' என்று தனிப் பக்கம் போட்டிருக்கிறார்.

இரண்டு மாட்டில் ஒன்று, தெருக்கோடி அக்காவிடம் வாரத்துக்குப் போனது. பாலில் வருவது அவருக்கு, பிறக்கும் கன்றில் ஆளுக்குப் பாதி. கிணற்றுத் தோட்டத்துப் பசும்புல்லை அவர் அறுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு வேலை பாதியாகக் குறைந்தது. அவசரத்துக்கு ஊருக்குப் போனால் எங்கள் மாட்டைக் கறக்க அந்த அக்கா வருகிறார். முப்பது வருடத்தில் முதல்முறையாக அம்மா எங்கள் வீட்டில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் இருந்தார்.

தட்டு வெட்டும் மெஷினும் ஒரு சின்ன கறவை மெஷினும் வாங்கினோம். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும், யாருக்காவது உதவும். கிசான் கிரெடிட் கார்டு என்றால் பட்டா இருக்கிறவர்களுக்குத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 2018-19 முதல் அது கால்நடை வளர்ப்புக்கும் உண்டு. தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுக்கான கடன் அது. நிலம் தன் பெயரில் இல்லாதவரும் மாடு, ஆடு வைத்திருந்தால் கேட்கலாம். தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதம் வரை இறங்கும். அம்மா தன் பெயரில் அதை எடுத்தார். தீவனச் செலவு அதில் ஓடியதால் கையில் இருந்த பால் பணத்தில் மெஷின் வாங்க முடிந்தது. மாட்டுக்குக் காதில் வில்லை போட்டு இன்ஷூரன்ஸும் செய்தாயிற்று. சினை மாடு போன 2013-ல் அது இருந்திருந்தால் கொஞ்சமாவது கைக்கு வந்திருக்கும்.

ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு ஊரில் அம்மாவோ, மாமியாரோ, அப்பத்தாவோ ஒரு மாட்டையோ நாலு ஆட்டையோ வைத்துக்கொண்டு இருப்பார்கள். பொங்கலுக்குப் போகும்போது, "எதுக்கு இந்தக் கஷ்டம், வித்துட்டு வாங்க" என்று நாம் சொல்வோம். அவர்கள் பதில் சொல்லாமல் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிடிவாதம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அடுத்த முறை அவர்களோடு கட்டுத்தரைக்குப் போய் நில்லுங்கள். பால் பில் யார் பெயரில் வருகிறது, அது எதெதற்குப் போகிறது, மாட்டை விற்றுவிட்டால் அந்தச் செலவுக்கு அவர்கள் யாரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று விசாரியுங்கள். அப்படியே வாளியையும் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகு வலி என்றால் வேலையைக் குறைக்க வழி பாருங்கள். வாரத்துக்கு விடலாம், மெஷின் வாங்கலாம், மாட்டைக் குறைத்து ஆட்டை வைத்துக்கொள்ளலாம். சிலருக்கு உண்மையாகவே போதும் என்று இருக்கும். அவர்களே அதைச் சொல்லும்போது விற்றுக்கொள்ளலாம், விற்ற பணம் அவர்கள் கணக்குக்குப் போகட்டும்.

எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் குத்தகைக்கு விட்டுவிட்டார். அவருக்கு அதுதான் சரிப்பட்டது, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர் பக்கம் வேலி எடுத்துவிட்டதால் அம்மா எங்கள் பக்கத்தில் புதிதாகக் கிளுவைப் போத்து நட்டிருக்கிறார். ஆடிக்காற்றில் சாயாமல் இருக்க ஒவ்வொன்றையும் மிதித்து இறுக்கினார். பட்டியில் இந்த மார்கழியில் ஏழு குட்டிகள். அதில் இரண்டு பெட்டையை விற்காமல் வளர்க்கப் போகிறாராம்.

ஒரு மாடு குறைந்ததில் பில் தொகையும் குறைந்துவிட்டது. ஆனாலும் பத்து நாளைக்கு ஒருமுறை பேங்கிலிருந்து மெசேஜ் வருகிறது. அம்மாவுக்கு எண் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எனக்குத்தான் போன் போடுவார். ஆபீஸில் எவ்வளவு வேலை இருந்தாலும் எடுத்துவிடுவேன்.

"ரண்டாயிரத்து எண்ணூத்தி சொச்சம்னு நம்பர் வந்திருக்குது கண்ணு. வந்துருச்சுன்னுதான போட்டிருக்குது?"

"ஆமாங்கம்மா, வந்துருச்சு."

"சரி, வெச்சர்றேன். தண்ணி காட்டோணும்."